பேய்க்காது அண்ணாச்சியும் ஈரப் பிரேக்கும்

சக்கரத்திடம் கேள்வி கேட்டுவிட்டு, அது சொல்லும் பதிலுக்குக் காத்திருக்கும் மெக்கானிக் இந்த உலகத்திலேயே பேய்க்காது அண்ணாச்சி ஒருவர்தான்.

விஸ்வநத்தம் போகும் வழியில் அவருக்கு ஒரு பட்டறை. வெயில் நாளில் எல்லா மெக்கானிக்கையும் போலத்தான் இருப்பார். மழை விழுந்தால் ஆளே வேறு. பிரேக் பிடிக்கவில்லை என்று வந்த பைக்கின் பக்கத்தில் குத்தவைத்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் காதை அருகே கொண்டுபோவார். "ம்... சரி, சொல்லிப்புடுறேன்" என்பார், சக்கரத்திடம். வண்டிக்காரர் தானாக இரண்டடி பின்னால் போய்விடுவார். ஒரு வாத்தியார் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, ஜெபம் பண்ணிக்கொண்டே பஸ் ஏறினார்.

நான் சிவகாசியில் காலண்டர் அச்சகமொன்றில் பிழை திருத்துபவன். போன ஐப்பசி மழையில் என் பைக்கின் பின் பிரேக் பிடிக்காமல் போனதால் அவரிடம் போனேன்.

"ஓட்டுங்க தம்பி. ஓடயில கேட்டாத்தான் தெரியும்" என்று பின்னால் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சாத்தூர் ரோட்டில் ஆள் அரவமே இல்லை.

"அந்தத் தண்ணிக்குள்ள விடுங்க. இப்ப லேசா அஞ்சு தடவ அமுக்குங்க. பிடி திரும்பி வருதா?"

"வரல அண்ணாச்சி."

"வெறும் ஈரம்னா தேய்ச்சதும் காஞ்சு பிடிச்சிருக்கும். இது உள்ள இருக்குற பிரேக் ஷூவே தேஞ்சு வழவழன்னு ஆயிப்போச்சு. முன் பிரேக்க மெதுவாப் பிடிச்சுப் போங்க."

மேம்பாலம் இறங்கி முடிந்த இடத்தில் என் தோளை அழுத்தினார்.

"ஒரு பிரேக்கு கத்திக்கிட்டே வந்துச்சு. இப்ப கத்தல."

"நம்ம வண்டியா?"

"நம்மது இல்ல. பின்னால. ரோட்ட விட்டு இறங்குங்க."

கண்ணாடியில் மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குரலுக்குப் பயந்துதான் பைக்கை முள்செடிக்குள் செருகினேன்.

விளக்கில்லாமல், இன்ஜின் சத்தம்கூட இல்லாமல், பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று எங்களை உரசுவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னல் வழியே வரிசையாகப் பெண்களின் முகங்கள். வெடிமருந்துத் தூள் படிந்து அத்தனையும் வெள்ளி நிறம். ஒருவரும் கத்தவில்லை. கண்கள் மட்டும் எங்களைப் பார்த்தபடியே நகர்ந்தன.

மக்காச்சோளக் காட்டுச் சேற்றில் புதைந்து வேன் நின்றது. அதற்கப்புறம்தான் உள்ளே அழுகை கேட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"பிரேக்கு எம்புட்டு நாளாக் கத்துது?" என்றார் அண்ணாச்சி, கீழே இறங்கிய டிரைவரிடம்.

"டீசலுக்காக இறக்கத்துல இன்ஜின அமத்துனேன் அண்ணாச்சி. பிரேக்கு நாலு நாளாக் கத்துது."

"அது நாலு நாளாச் சொல்லியிருக்கு. நீங்க பாட்டுப் போட்டுக்கிட்டு வந்திருக்கீக."

சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகினார். ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிவிட்டார். வேறு வேன் வரும்வரை மழையில் கூடவே நின்றார்.

"நீங்க பேயோட பேசுவீகன்னு சொல்றாகளே, நெசமா?" என்றாள் ஒரு பெண்.

"பேயி எங்க தாயி பேசுது? பிரேக்குதான் பேசுது."

அந்த அழுகைக்கு நடுவிலும் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

திரும்பும்போது அவர் கண்ணை மூடவில்லை. பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடித்தார். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், பட்டறை வரைக்கும் நடக்கிற வேகத்திலேயே ஓட்டினேன்.