றொஜர் பாதரும் பொய் ஜன்னலும்

சனிக்கிழமை எனக்கிருந்தது ஒரேயொரு வேலை. புதுக் காரை ஒரு பாதரிட்டக் கொண்டுபோய், செபம் சொல்லி, தீர்த்தம் தெளிச்சுக்கொண்டு வாறது.

மன்னார்க் கத்தோலிக்க வீடுகளில ஆசீர்வாதம் எடுக்காத வாகனமும் பிரேக் இல்லாத வாகனமும் ஒண்டுதான். அதிலயும் அண்டைக்குப் பின்னேரம் மாமி ஊரிலயிருந்து மெல்பேர்னுக்கு வந்து இறங்கிறா.

மனிசி ஜெனிற்றா காலமையே சொல்லிப்போட்டா. "இஞ்சருங்கோ, ஆசீர்வதிக்காத காரில அம்மா ஏறமாட்டா. பிறகு எயார்போட்டில நிண்டு முழிக்கேலாது."

"இதெல்லாம் ஒரு வேலையோ? பத்து நிமிசம்" எண்டனான்.

நான் நாசமாப் போன நாள் எல்லாம் இந்த வசனத்தோடதான் தொடங்கியிருக்கு.

எங்கட பங்குப் பாதர் லீவில போயிட்டார். நாங்கள் இருக்கிற நோபல் பார்க்கிலயிருந்து நான் வேலைக்குப் போற வழியில ஒரு பழைய கல்வீடு இருக்கு. கேற்றுத் தூணில 'ரெக்டரி' எண்டு வெட்டியிருக்கும். பாதர்மார் இருக்கிற வீடுதானே, ஆரும் ஒருத்தர் இருப்பார் எண்டு காரை அங்க விட்டன்.

பக்கத்துச் சேர்ச்சுக்குள்ள சனம் மேசை மேசையா இருந்து கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தது. சேர்ச் கோப்பிக் கடையாப் போச்செண்டு சின்னப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். நான் நினைச்சன், பூசை முடிஞ்சு குடிக்கக் குடுக்கினமாக்கும் எண்டு.

வீட்டு வாசலில 'இந்தச் சனி, ஞாயிறு உள்ள வரலாம்' எண்டு ஒரு போர்ட். எவ்வளவு நல்ல பங்கு!

முற்றத்தில ஒரு வெள்ளைக்காரர் பூவாளியால செடிக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டார். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, முழங்கால் வரைக்கும் கறுப்புக் கோட்டு. எனக்கு வேற என்ன வேணும்?

நான் வாயைத் திறக்க முதல், "வாங்கோ, இண்டைக்கு நீங்கள்தான் முதல் ஆள்" எண்டு உள்ள கூட்டிக்கொண்டு போனார்.

போனவர், சுவரைத் தட்டித் தட்டிக் கதைக்கத் தொடங்கினார். "கட்டின ஆள் இங்கிலாந்துக்காரர். தன்ர கிராமத்து ரெக்டரியை அச்சொட்டா அப்பிடியே கட்டினவர். கூரையைப் பாருங்கோ, சினோப் பனி வழுக்கி விழுறதுக்கு எவ்வளவு சரிவு."

"இஞ்ச சினோ விழுறேல்லையே, பாதர்?" இந்தப் 'பாதர்' அவற்ற காதில ஏறவேயில்லை, ஆள் அவ்வளவு குஷியில நிண்டார்.

"அதுதானே! பெரிய ஜன்னலெல்லாம் தெற்குப் பக்கம் வைச்சிருக்கு, இங்கிலாந்தில வெயில் அந்தப் பக்கத்தால வாறபடியால். இஞ்ச வெயில் வடக்கால. கட்டின நாள் தொடக்கம் வீடு குளிருது."

பிறகு வெளிய கொண்டுபோய் மேல்மாடியில ஒரு ஜன்னலைக் காட்டினார். அது ஜன்னலேயில்லை. ரெண்டு பக்கமும் சரிசமனா இருக்கவேணுமெண்டு சுவரில கறுப்புப் பெயின்ற் அடிச்சு, சட்டமும் கீறி விட்டிருக்கு.

ஒரு மணித்தியாலம். நான் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினன். சுவாமிமார் கதைக்கேக்க குறுக்க கதைக்கப்படாதெண்டு அடிச்சு வளர்த்த பிள்ளை நான்.

கடைசியில மெதுவாக் கேட்டன். "என்ர காரை ஒருக்கா ஆசீர்வதிச்சு விடுவீங்களோ?"

மனுசன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். "நான் றொஜர். ரிட்டயரான பல் டொக்டர். கடைசிப் பாதர் இஞ்சயிருந்து போய் எத்தினையோ வருசம். இது இப்ப என்ர வீடு. சனத்துக்குச் சுத்திக் காட்டுறது எனக்கொரு பைத்தியம்."

அந்த நேரம் பார்த்து ஜெனிற்றா போன் எடுத்தா. "ஆசீர்வாதம் எடுத்தாச்சோ? நேரம் போகுது."

என்ர வாய் தன்ர பாட்டில "ஓம்" எண்டுது.

"அப்ப போட்டோ ஒண்டு அனுப்புங்கோ, அம்மாவுக்குக் காட்டவேணும்."

றொஜரைக் கெஞ்சினன். "பொய் ஜன்னல் வைச்ச வீட்டில பொய்ப் பாதர் நிண்டா என்ன?" எண்டு அவர் காருக்கு முன்னால வந்து ஒரு கையைத் தூக்கினார். மற்றக் கையில பூவாளி. படம் எடுத்து முடிஞ்ச பிறகுதான் கண்டனான்.

எயார்போட்டில மாமி போட்டோவை உத்துப் பார்த்தா. "ஏன் தம்பி பூவாளியால தெளிக்கிறார்?"

"இஞ்ச கார் பெரிசு, மாமி."

ஏறீட்டா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்துது. பாதி வழியில சொன்னா, "நாளைக்கு அந்தப் பாதரை நேர கண்டு ஒரு நன்றி சொல்லவேணும்." வந்த உயிர் திரும்பவும் போச்சு.

ஞாயிறு ஜெனிற்றாவும் சேர்ந்து வந்தா. வாசலில மாமி முழங்காலில இருந்து றொஜரின்ர கையை முத்தமிட்டா. நான் பின்னால நிண்டு கையெடுத்துக் கும்பிட்டன். றொஜர் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பிறகு தனக்குத் தெரிஞ்ச ஒண்டைச் சொன்னார். "வாங்கோ, படிக்கட்டைக் காட்டுறன்."

மாமிக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் விளங்காது. றொஜர் படிக்கட்டில நிண்டு கையை நீட்டிக் கதைச்சார். மாமி சிலுவை போட்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னா. சிமினியடியில நிண்டார், அங்கயும் ஒண்டு. தவக்காலச் சிலுவைப்பாதை மாதிரி ரெண்டு பேரும் நிலை நிலையா வீடு முழுக்கச் சுத்திச்சினம். பொய் ஜன்னலுக்குக் கீழ மாமி அழுதே போட்டா.

ஆனா ஜெனிற்றாவுக்கு இங்கிலிஷ் விளங்கும்.

"இஞ்சருங்கோ, இவர் தளபாடத்தையும் செங்கல்லையும் பற்றியெல்லே கதைக்கிறார். உண்மையைச் சொல்லுங்கோ, இவர் பாதரோ?"

சொன்னன்.

மனிசி என்ர கையில கிள்ளின கிள்ளு இப்பவும் நீலமாக் கண்டிப்போய்க் கிடக்கு. "அம்மாவுக்கு வாயைத் திறந்தீங்களோ, தெரியும்."

மாமி கண்ணைத் துடைச்சுக்கொண்டு வந்தா. "சுவருக்குச் சுவர் நிண்டு செபிக்கிற பாதரை நான் மன்னாரிலயும் கண்டதில்லை, தம்பி."

றொஜர் என்ர காதுக்குள்ள, "இவ்வளவு கவனமாக் கேட்ட ஆள் இதுவரைக்கும் வரேல்லை. அடுத்த கிழமையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ" எண்டார்.

மாமி சந்தோசமா முன் சீற்றில ஏறிச் செபமாலையைக் கையில எடுத்தா.

ஆசீர்வதிக்காத காரில ஜெனிற்றா ஏறேல்லை, பஸ்ஸில வந்தா.