சட்டைக்குள் ஒரு புட்டி

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது.

நலம் என்று எழுதினால், 'மனைவியும் குழந்தையும் இல்லாமல் நலமா' என்பீர்கள். நலமில்லை என்று எழுதினால், 'அந்தத் தண்ணீரைக் குடித்தால் அப்படித்தான்' என்பீர்கள். எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கும் வணக்கம். கண் அறுவைக்குப் பிறகு தாங்கள் படிக்கக் கூடாது என்பதால் இதைத் தங்கள் மகள்தான் வாசித்துக் காட்டுவாள். அவசர அவசரமாக வாசிப்பாள். நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது முறை வயிற்றுப்போக்கு வந்து, குழந்தையின் கையில் ஊசி குத்த இடமில்லாமல் போன அன்று, இருவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பும்போது தாங்கள் சொன்னீர்கள்: "குழாய்த் தண்ணி நல்ல தண்ணின்னு எழுத்துல குடுங்க மாப்பிள்ளை, அனுப்பி வைக்கிறேன்." காய்ச்சித்தான் கொடுத்தோம் மாமா. குளிக்கிற தண்ணீரில் வாயை வைக்கும் குழந்தையிடம் என்ன சொல்வது. நாற்பது வருடம் பதிவேடு எழுதியவர் தாங்கள். ஆகவே எழுத்தில்.

சுகாதார நிலைய நர்ஸம்மா மூன்று சிறு புட்டிகள் கொடுத்தார். உள்ளே மருந்துத் தூள். கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி, இரண்டு நாள் வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். கறுத்தால் குடிக்கக் கூடாத தண்ணீர். "குளிர் நாளா இருக்கு, உடம்போட ஒட்டி வெச்சுக்கங்க" என்றார். தையல்காரனுக்கு இது ஒரு வேலையா. சட்டையின் உள்பக்கம், நெஞ்சுக்கு இடப்புறம், ஒரு பை தைத்தேன். தைத்த பிறகுதான் கவனித்தேன். குழந்தை தூங்கும்போது தலை வைக்கும் இடம் அது. அளவு எடுக்காமலே சரியாக வந்திருந்தது.

முதல் புட்டிக்கு அரை நாள் விடுப்பு. தெருக்குழாயில் வரிசையே சாட்சியாக நிற்கப் பிடித்தேன். மறுநாள் அதோடு வேலைக்குப் போனால், என் சட்டைக்குள் புட்டி வெளிறிய தேநீர் நிறத்தில் ஆடுவதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு "வேலை நேரத்துலயே ஆரம்பிச்சாச்சா" என்று கேட்க, நான் "தண்ணி சார்" என்று சொல்ல, "அதைத்தான்யா நானும் கேக்கறேன்" என்று அவர் வாங்கி மூடியைத் திறக்கப் போக, நான் பிடுங்க, அவர் இழுக்க, அதன் அடி கறுத்திருந்ததைப் பார்த்து, என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்று முழுக்க அவர் கை கழுவிக்கொண்டே இருந்தார். கழுவியதும் அதே தண்ணீரில்தான். நான் சொல்லவில்லை.

கறுத்த புட்டியைக் குடிநீர் அலுவலகத்தில் மேசைமேல் வைத்தேன். அதிகாரி ஒரு காகிதத்தைக் காட்டினார்.

"போன மாசம்தான் சோதிச்சிருக்கோம். சுத்தமான தண்ணி."

"எந்தக் குழாய்ல சார் பிடிச்சீங்க?"

"இங்கதான். ஆபீஸ் குழாய்ல."

"நாங்க ஆபீஸ்ல குடியில்லையே சார்."

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். அவர் மேசையில் மட்டும் கடையில் வாங்கிய தண்ணீர் இருந்தது.

பிறகு வால்வு திறக்கும் அண்ணன் ரகசியமாக வந்து, "சாக்கடைக்குள்ளயே குழாய் போகுது, இணைப்பு பிளந்து கிடக்கு, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார். தெரு முழுக்க அவர் சொன்னதாகத்தான் சொன்னோம். அவரே மண்வெட்டியோடு முதலில் இறங்கினார். இருபது வீட்டாரும் சேர்ந்து குழாயைச் சாக்கடைக்கு மேலே தூக்கிப் புது இணைப்பு போட்டோம். எதிர்வீட்டு அக்கா கரையில் நின்று, "பொண்டாட்டி இருந்தப்ப ஒரு குடம் தூக்குனதில்ல, இப்ப குழாயையே தூக்குறான் பாரு" என்றார். உண்மை. தங்கள் மகள் இந்த இடத்தில் நிறுத்தினால் நிறுத்தட்டும்.

இரண்டாவது புட்டியும் கறுத்தது. பழைய அழுக்கு, ஒரு வாரம் ஓடட்டும் என்றார் வால்வு அண்ணன். விட்டோம். மூன்றாவதுக்கு, தண்ணீர் வரும் நேரம் நான் வேலையில். எதிர்வீட்டு அக்கா பிடித்துவைத்தார். இரண்டு நாள் சட்டைக்குள் வைத்திருந்தேன். குனிந்து தைக்கவில்லை. யார் கூப்பிட்டாலும் முழு உடம்போடு திரும்பினேன். கறுக்கவில்லை மாமா. எழுத்தில் தருகிறேன்: கறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அனுப்பி வையுங்கள். குழந்தை நடக்கிறாள் என்று கேள்வி. எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தாள் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் ஒன்றும் மாறவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் துப்பட்டா அப்படியே தொங்குகிறது. நான் மாட்டியது போல் இல்லை, அவள் மாட்டியது போல்.

அத்தையின் முழங்காலுக்கும் தங்கள் கண்ணுக்கும் சீக்கிரம் குணமாகட்டும். குழந்தைக்கு என் முத்தம். மற்றவர்க்கு முறைப்படி.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாப்பிள்ளை

பி.கு.: இனி வருவதை அப்பாவுக்கு உரக்க வாசிக்காதே. முதலில் நீ படி.

நேற்று உறையை ஒட்டப் போனபோது எதிர்வீட்டு அக்கா வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தம்பி, அந்தப் புட்டியில நான் பிடிச்சது குழாய்த் தண்ணி இல்ல. காய்ச்சி ஆறவெச்சது."

"ஏன்க்கா?"

"தினம் காலையில குழந்தை மெத்தைய வெயில்ல போட்டு, சாயந்திரம் மடிச்சு உள்ள வைக்கிற. பாக்க முடியலடா. ராட்சசி மாதிரி பண்ணிட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன், குழந்தை வந்து குடிச்சு மறுபடி படுத்துட்டான்னா."

கோபம் வரவில்லை. அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கலாம் என்று எழுந்தேன். எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்து வேறு எழுதலாம். ஆனால் மாமாவுக்கு எழுதியதில் உனக்கு எழுதியது நிறைய இருக்கிறது. அதனால் அனுப்புகிறேன். அப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

நர்ஸம்மா நான்காவது புட்டி கொடுத்தார். இன்று நானே குழாயில் பிடித்தேன். பதினொரு மணி நேரம் ஆகிறது. இதுவரை கறுக்கவில்லை. இன்னும் முப்பத்தேழு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வராதே. மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன்.