ஒன்பதாவது சாமான்

முன்சக்கரம் கழன்று வாசலில் கிடந்தது. சுப்புராஜ் பழைய செய்தித்தாளை விரித்து, பிரேக்கிலிருந்து கழற்றிய சாமான்களை வரிசையாக வைத்தான். ஒன்பது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் எண் எழுதினான். ஒன்பதாவது, விரல்நகம் அளவில் கறுத்துப்போன ஒரு தகடு. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன், உராய்வு பற்றிய பாடத்தில் கல்லூரியிலேயே அவனுக்குத்தான் முதல் மதிப்பெண்.

அவனுடைய மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் நான்கு வருடமாகக் கீச்சிட்டது. தெருமுனை வளைவில் பிடித்தால் கொச்சியின் மட்டாஞ்சேரியில் பாதிக்குக் கேட்கும். மனைவி ஸ்வர்ணலதா இருந்தவரை அது வெறும் சத்தம். அவள் இறந்துபோன இந்த எட்டு மாதமாக, சத்தத்துக்குப் பிறகு பூட்டிய கதவு.

வண்டியை விற்றுவிட்டு, தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடத் தீர்மானித்திருந்தான். தேவராவிலிருந்து ஒரு வாத்தியார் நாலு மணிக்கு வருகிறார். சத்தம் நின்றால்தான் எடுப்பாராம்.

“அபூபக்கரைக் கூப்பிட வேண்டியதுதானே?” பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

“நாலு வருஷமா அவன்தானேக்கா பாக்குறான்? ஒரு தடவையாவது நின்னுச்சா?”

“உம் பொண்டாட்டி அவனை விட்டு வேற மெக்கானிக்கிட்ட போக விடமாட்டாளே.”

“அவளுக்கு எல்லார் மேலயும் இரக்கம்.”

ஒச்சம்மாளுக்கு வேறு வேலை கிடையாது என்பது சுப்புராஜின் கருத்து. சாயங்காலம் அவன் எத்தனை மணிக்கு வந்தாலும், பூட்டைத் திறப்பதற்குள் மதில்மேல் ஆவி பறக்க ஒரு டம்ளர் சாயா இருக்கும். நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து வேவு பார்க்கிறாள். ஸ்வர்ணலதாவும் அவன் செருப்பைக் கழற்றும்போதே சாயாவோடு நிற்பாள். “எப்படித் தெரியும்?” என்று கேட்டால், “மனசு சொல்லும்” என்பாள். அது மனசு. இது வேவு.

பிரேக் ஷூவை உப்புத்தாளால் தேய்த்து, எல்லாவற்றையும் மாட்டி, வளைவுவரை ஓட்டிப் பார்த்தான். அங்கே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

“கும்பளங்கிக்கே கேட்டிருக்கும்,” என்றாள் ஒச்சம்மாள்.

மறுபடி கழற்றித் தேங்காயெண்ணெய் விட்டான். சத்தம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக் ஞாபகம் வருவதற்குள் பண்டகசாலை முற்றத்தில் காயப்போட்டிருந்த சுக்குக்குள் பத்தடி போயிருந்தான்.

“சுக்கு வேணும்னா கேட்டு வாங்கக்கூடாதா சேட்டா?” என்றாள் துழாவிக்கொண்டிருந்த பெண்.

எண்ணெயை எரித்துவிடலாம் என்று ஷூவை ஸ்டவ்வில் காட்டினான். லைனிங் அப்பளம்போல உரிந்து வந்தது.

“என்னப்பா சமையல்? வாசம் சரியில்லையே.”

அவன் கடைக்கு ஓடிப் புது ஷூ வாங்கிவந்தான். பார்த்தால் ஒன்பதாம் எண்ணுக்கு நேரே காகிதம் காலியாக இருந்தது. தகடு வாசலோரச் சாக்கடைக்குள் விழுந்திருந்தது. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் துழாவினான்.

“அந்தத் துண்டு இல்லாட்டி என்ன?”

“கம்பெனிக்காரன் காரணமில்லாம வைப்பானாக்கா?”

எடுத்துத் துடைத்து மாட்டினான். சக்கரம் இறுகிக்கொண்டது. தள்ளினான், உதைத்தான். அசையவில்லை. மணி மூன்றரை.

சுப்புராஜ் படியில் உட்கார்ந்துவிட்டான். தலையில் சுக்குப்பொடி, கையில் கிரீஸ்.

“அந்தச் சத்தம் ஒண்ணு ஒழிஞ்சாப் போதும்கா. கேட்டதும் கதவு திறக்கும்னு இன்னமும் நின்னு பாக்கறேன்.”

ஒச்சம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அபூபக்கரைக் கூட்டிவந்தாள்.

அபூபக்கர் செய்தித்தாளில் இருந்த எண்களைப் படித்தான்.

“ஒன்பதா? இந்தப் பிரேக்குக்கு எட்டு சாமான்தான் சாரே.”

புது ஷூவின் தடிப்புக்கு இடமில்லாமல் இறுகியிருந்த தகட்டை உருவி எடுத்தான். சக்கரம் தானாகச் சுழன்றது. வளைவுவரை போய்த் திரும்பி வந்தான். சத்தமே இல்லை. பத்து நிமிட வேலை.

பிறகு தகட்டை மண்ணெண்ணெயில் துடைத்து நீட்டினான். மங்கலாக ஓர் இளஞ்சிவப்பு ரோஜாவின் பாதி தெரிந்தது. அதே ரோஜா போட்ட, மூலை கத்தரித்த ஸ்வர்ணலதாவின் பவுடர் டப்பா இன்னும் சுப்புராஜின் அலமாரியில்தான் இருக்கிறது. துரு தின்றுவிட்டது என்று நினைத்திருந்தான்.

“யார் வச்சது?”

“நான்தான். ஓரோ தடவையும் நீங்க வண்டியை விட்டுட்டுப் போனதும் ஸ்வர்ணலதா சேச்சி வந்து சொல்லும், சத்தம் போகக்கூடாதுன்னு.”

“இந்த எட்டு மாசமா?”

“வேண்டாம்னு சேச்சி வந்து சொல்லலையே சாரே.”

“எதுக்குச் சத்தம்?”

“அதை நான் கேட்டதில்ல.”

வளைவில் வாத்தியாரின் சைக்கிள் மணி கேட்டது. அபூபக்கர் தகட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“என்ன செய்ய சாரே? எறியவா, தட்டி மெலிசாக்கி உள்ள வைக்கவா?”

மதிலுக்கு அப்பால் ஒச்சம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

“எறிஞ்சுட்டா எப்படிப்பா? வளைவுல சத்தம் கேட்டதும் அடுப்புல சாயா வச்சிருங்கக்கான்னு, ஆஸ்பத்திரிக்குப் போகையில அவ எங்கிட்டதானே சொல்லிட்டுப் போனா.”