அண்ணையின் அந்தியேட்டியில் ஓடிய படம்

இதை எழுதப் பேனையை எடுப்பதும், விபூதியைப் பூசிக்கொண்டு திரும்ப வைப்பதுமாகவே ஆறு வருடம் போய்விட்டது. பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்து வராது என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வெட்கம்.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்த என் அண்ணை காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. காலையில் கீரிமலையில் கிரியை முடித்து, வீட்டில் படைத்து, வந்த சனத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் நாள். அண்ணையின் ஒரே மகள் வாசுகி நோர்வேயில். விசா அலுவல் முடியாததால் தகப்பனின் முகம் பார்க்கக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவர் தன்னோடு வீடியோவில் கதைத்தவற்றைச் சேர்த்து ஒரு சின்னப் படமாக்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் பென்டிரைவில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், செத்தவீட்டன்று தொடக்கம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாப்பாடும் பெயருக்குத்தான். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்.

"அந்தியேட்டியண்டைக்கு அவரின்ரை குரலை ஒருக்கால் கேக்க வேணும், தம்பி."

வந்தவையோ இரண்டு பென்டிரைவ். மற்றது அச்சுவேலியில் இருக்கும் வாசுகியின் சிநேகிதிக்கு. அவ சித்திரம் படிப்பிக்கிற ரீச்சர். பல நாடுகளில் பரிசு வாங்கிய, புதுமாதிரியாக வரைந்து ஓடவிட்ட குறும்படங்களின் தொகுப்பாம். இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டித்தான் அனுப்பினாள், கெட்டிக்காரி.

சித்தப்பன்தான் பக்திமானாகப் போய்விட்டேன். அண்ணையின் குரல் இருக்கிற பொருள் அல்லவா? படையலில் வைத்துச் சந்தனம் பூசினேன். பக்கத்தில் கிடந்ததை விட்டால் ஓரவஞ்சகம் என்று அதற்கும் பூசினேன். (தடிப்பாகத்தான். நான் எதையும் மெல்லிசாகச் செய்ததில்லை.) பெயர்கள் இரண்டும் சந்தனத்துக்குள் போய்விட்டன. பிறகு என்ன, கண்ணை மூடி அண்ணையை நினைத்து ஒன்றை எடுத்தேன்.

படம் விழுத்தச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டியாயிற்று. வாசுகியும் பார்க்கட்டும் என்று அவளைப் போனில் எடுத்துக் கதிரையில் சாய்த்து வைத்தேன். படத்தின் சத்தத்துக்கு இடைஞ்சல் என்று அவளுடைய சத்தத்தை நன்றாகக் குறைத்தும் விட்டேன். கோயில் மைக் பொறுப்பு பல வருடமாக என்னுடையது. அந்தத் திமிர்.

முதலில், இலைகளை வளைத்துச் செய்த வளையங்கள் திரை நிறைய வந்தன. நடுவில் ஏதோ இங்கிலிஷ் எழுத்து. படங்கள் வாங்கிய பரிசுகளின் அடையாளம் அவை என்று பின்னர்தான் அறிந்தேன். அப்போது, "வெளிநாட்டுச் சங்கங்கள் அனுப்பிய மலர்வளையங்கள்" என்று மைக்கில் அறிவித்தேன். சனம் எழுந்து நின்றது. குருக்களும் நின்றார்.

அடுத்து ஒரு கறுத்த புள்ளி. அது நகர்ந்தது. ஒரு கோடு அதைத் துரத்தியது. இரண்டாவது நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது, இது அண்ணை இல்லை. நிறுத்தியிருக்கலாம். ஆனால் நூறு பேர் கைகூப்பி நிற்க, கையில் மைக் இருக்க, என் வாய் தானாகத் திறந்தது.

"புள்ளி ஆன்மா. கோடு ஆணவமலம்."

அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னேன். களிமண் மனிதன் தன் முகத்தை உரித்தபோது, உடம்பு நிலையில்லாதது என்றேன். முட்டை ஒன்று படியேறியபோது மட்டும் கொஞ்சம் திணறி, மறுபிறப்பு என்றேன்.

இடையில் மச்சாள் என் சட்டையைப் பிடித்து மெல்லக் கேட்டார்.

"உதிலை எது அவர், தம்பி?"

புள்ளி திரும்பவும் வந்திருந்தது. அதைக் காட்டினேன். அவர் கண்வெட்டாமல் அதையே கும்பிட்டுக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய வாய் வந்து புள்ளியை விழுங்கியது. மச்சாளின் கை கூப்பியபடியே நின்றது.

சித்தாந்தத்தை இவ்வளவு விளக்கமாக ஒருவரும் சொன்னதில்லை என்று குருக்கள் பாராட்டினார். சனம் சாப்பிட்டுப் போயிற்று. போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். வாசுகியின் குரல் அடைத்துப் போயிருந்தது. தொடங்கியதில் இருந்து அதையேதான் கத்திக்கொண்டிருந்தாளாம்.

"சித்தப்பா, உது அப்பா இல்லை. அம்மாட்டைச் சொல்லுங்கோ."

சொன்னேன். மச்சாள் வெறும் வேட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் ஆரைக் கும்பிட்டனான், தம்பி?"



அவரே படையலில் கிடந்த மற்றப் பென்டிரைவை எடுத்து, காய்ந்த சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தார். படம் ஓடியது. அண்ணை. மூக்கில் குழாய். இருமிக்கொண்டே சிரிக்கிறார்.

"பிள்ளை, என்ரை அந்தியேட்டிக்கு உன்ரை சித்தப்பன்ரை கையிலை மைக்கைக் குடுத்துப் போடாதேங்கோ. துவங்கினானெண்டால் நான் திரும்பி வந்துதான் நிப்பாட்ட வேணும்."

மச்சாள் சிரித்தார். முப்பத்தொரு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அது பாதியிலேயே அழுகையாகி, பொழுதுபடும்வரை நிற்கவில்லை. போனில் வாசுகியும் அழுதாள். நான் மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது எந்த விசேஷத்திலும் நான் தொண்டையைச் செருமினால், "புள்ளி வெளிக்கிட்டுது" என்று யாராவது சொல்லுவார்கள். முதல் ஆள் மச்சாள்தான். ஊரில் கதை வளர்ந்து, வேட்டி தீப்பிடித்தது, குருக்கள் மயங்கினார் என்றெல்லாம் போகிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வாசிக்கிறவர்கள் தாராளமாக நாலு பேருக்குச் சொல்லிச் சிரியுங்கள், ஆனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, தெரிந்துகொண்டுதான் அந்தப் புள்ளியைக் காட்டினேன் என்பதை விட்டுவிடாதீர்கள்.