பதினேழாம் எண் காரைத் தள்ளிய வைபவம்

பழைய கார்க் கண்காட்சி நடத்த முதலில் வேண்டியது பழைய கார் என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். முதலில் வேண்டியது இடம். அதுவும், புத்தி சரியாக இருக்கிற எவனும் நினைத்துப் பார்க்காத இடம். எங்கள் சங்கத்தில் இருபத்திரண்டு உறுப்பினர்களுக்கு முப்பத்தொரு கார்கள் உண்டு. எனக்கு ஒரு சைக்கிள் உண்டு. கார் வைத்திருப்பவர்களுக்கு அதைத் துடைக்கவே பொழுது சரியாக இருக்கிறது என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

முதல் இரண்டு வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் நடத்தினோம். ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பிள்ளைகள் ஹாரன் அடித்தார்கள், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். அதாவது, படுதோல்வி. அதே நேரத்தில் பக்கத்து ஊர்ச் சங்கம் தன் கார்களை ஒரு வற்றிப்போன நீச்சல் குளத்துக்குள் கிரேன் வைத்து இறக்கியது. பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. அன்றிலிருந்து எங்கள் தலைவருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். முப்பது வருடம் அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தவர், அந்த அரைப் பக்கத்தைப் பார்த்துத் தன் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை.

அடுத்த வருடம் பிணவறை வாசலில் நடத்தினோம். அதற்கடுத்த வருடம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில். மூக்கில் கைக்குட்டையோடு வந்தவர்கள் எல்லோரும் "என்ன ஒரு சூழல்!" என்று வியந்தார்கள். கார் என்ன நிறம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. முக்கால் பக்கம் வந்தது.

இந்த வருடம் தலைவர் கண்டுபிடித்த இடம், காவல் துறை பறிமுதல் செய்த வண்டிகளைப் போட்டுவைக்கும் கிடங்கு. நாலு பக்கமும் சுவர், ஒரே ஒரு இரும்புக் கேட், உள்ளே இடுப்பளவு புல், புல்லுக்குள் அறுநூறு வண்டிகள். கிடங்கு அதிகாரியைப் பார்க்கத் தலைவரும் நானும் போனோம். மேஜையில் இரண்டு பெரிய பதிவேடுகள் இருந்தன. ஒன்று உள்ளே வருவதற்கு, இன்னொன்று வெளியே போவதற்கு. முதலாவது கிழிந்து நைந்திருந்தது. இரண்டாவது புத்தம் புதிதாக இருந்தது.

"கண்காட்சி தாராளமா நடத்துங்க டாக்டர். ஆனா ஒரு சின்னச் சிக்கல். உங்க காருங்க உள்ள வந்தா நான் பதிவேட்டுல எழுதணும்."

"எழுதிக்குங்க."

"எழுதிட்டா வெளிய போறதுக்கு மேலிடத்து உத்தரவு வேணும்."

"உத்தரவு வர எவ்வளவு நாளாகும்?"

அதிகாரி ஜன்னல் வழியாக அந்த அறுநூறு வண்டிகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து வந்திருப்பார்கள். எங்கள் தலைவர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "நம்ம கார் எதுக்குங்கறேன்? இங்கேதான் இவ்வளவு இருக்கே! இதையே நம்பர் போட்டு வைப்போம்."

இப்படியாக, உறுப்பினர்களின் முப்பத்தொரு கார்களும் மெழுகு பூசி வீட்டில் நிற்க, எங்கள் சங்கத்தின் ஐந்தாம் ஆண்டுக் கண்காட்சிக்குப் புல்லை வெட்டி இருபத்தைந்து கார்களைப் பொறுக்கி எடுத்தோம். அதில் பதினேழாம் எண் ஒரு சின்னக் கார். என்ஜின் மூடியின் இடுக்கிலிருந்து ஒரு கொடி கிளம்பிக் கூரை மேல் படர்ந்திருந்தது. கதவில், மங்கிப்போன எழுத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்று இருந்தது. அந்தக் கார் யாருடையது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. யோசிப்பது எங்கள் உபகுழுவின் வரம்பில் இல்லை.

கண்காட்சி நாளன்று காலை நான் வழக்கம்போல சைக்கிளை உள்ளே ஓட்டிவந்து அதிகாரியின் அறை நிழலில் நிறுத்தினேன். அதிகாரி சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்து, "சைக்கிள், ஒன்று" என்று எழுதினார். நானும் சிரித்தேன்.

பதினேழாம் எண்ணுக்குப் பக்கத்தில் அதற்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஐம்பது வயதுள்ள ஒரு பெண்மணி, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. மெக்கானிக் உடையில் ஒருவர் காருக்கு அடியில் கிடந்தார். நாலு பழைய சக்கரங்களை வெளியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து மாட்டியிருந்தார்.

"அண்ணி, பிரேக் ஆயில் ஊத்தியாச்சு. மிதிச்சுப் பாருங்க."

அந்த அம்மாள் உள்ளே உட்கார்ந்து மிதித்தார். "புடிக்குது!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இருந்த சந்தோஷத்தை எங்கள் முப்பத்தொரு காரில் ஒன்றைப் பற்றியும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விசாரித்தேன். கார் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சர். ஒன்பது வருடத்துக்கு முன் காரை ஒருவன் திருடினான். இரண்டே நாளில் பிடித்துவிட்டார்கள். திருடன் அடுத்த வாரம் ஜாமீனில் வெளியே போய்விட்டான். கார் சாட்சிப் பொருள் என்பதால் உள்ளே இருந்துவிட்டது. இடையில் திருடன் செத்துப்போனான், வழக்கும் முடிந்தது. காரை விடுவிக்கும் உத்தரவு நேற்றுத்தான் கைக்கு வந்திருந்தது.

"நாளைக்கு மோட்டார் ஆபீஸ்ல வண்டியைக் காட்டணும் சார். ரெட்டை பிரேக் வச்ச சொந்த வண்டி இல்லைன்னா பள்ளிக்கூட அனுமதியை ரத்து பண்ணிடுவாங்களாம். இத்தனை வருஷமா வாய்தா வாங்கிட்டே இருந்தேன். நாளைக்குத்தான் கடைசி."

"இது ஓடாதே அம்மா?"

"ஓடணும்னு விதி இல்லை. இருக்கணும்னுதான் விதி."

மெக்கானிக் உடையில் இருந்த கொழுந்தனார் ஒரு லாரி கொண்டுவந்திருந்தார். லாரி உள்ளே வந்தால் அதையும் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள் என்பதால் வெளியே நிறுத்தியிருந்தார். கேட் எதிரே இருந்த இடம் சிறப்பு விருந்தினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே லாரி முப்பது மீட்டர் தள்ளி நின்றது.

அதிகாரி உத்தரவை முன்னும் பின்னும் படித்தார். "எல்லாம் சரியா இருக்கு. உங்க காரை நீங்க எடுத்துக்கலாம். ஆனா பதினேழாம் எண் காட்சிப் பொருளை எடுக்க முடியாது."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"வண்டி ஒண்ணு. கோப்பு ரெண்டு. கண்காட்சி ஆறு மணிக்கு முடிஞ்சதும் எடுத்துக்குங்க."

"கிடங்கை அஞ்சு மணிக்குப் பூட்டிடுவீங்களே?"

"ஆமா, பூட்டிடுவோம்."

"அப்ப எப்படி சார் எடுக்கறது?"

"அதை உத்தரவுல எழுதலையே," என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு.

பத்து மணிக்குக் கூட்டம் வந்தது. என்ன கூட்டம்! துருவுக்குப் பொருத்தமாகக் காவி நிறத்தில் உடுத்தி வந்தவர்கள் உண்டு. உடைந்த கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. டீச்சர் காரை விட்டு நகரவில்லை. அவரையும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்து ஒருவர், "கொஞ்சம் சோகமா பாருங்க" என்று கேட்டார். டீச்சர் அதற்கெனத் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

நடுவர் கழுத்தில் பட்டுத்துணி கட்டியிருந்தார். பதினேழாம் எண்ணைப் பார்த்ததும் குரல் தழுதழுத்தது. "இந்தத் துருவைப் பாருங்க. இது சும்மா புடிச்ச துரு இல்லை, வாழ்ந்த துரு!" பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "ரெண்டு பிரேக்! ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டற வண்டி! எவ்வளவு ஆழமான சிந்தனை!"

"கத்துக்கறவங்க தப்பா போனா நான் நிறுத்தணுமில்லைங்களா, அதுக்குத்தான்," என்றார் டீச்சர்.

நடுவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. முதல் பரிசு பதினேழுக்கு. பரிசுக் கோப்பை, காரை ஒன்பது வருடம் மழையிலும் வெயிலிலும் போட்டுப் பாதுகாத்ததற்காகக் கிடங்கு அதிகாரிக்கு. எங்கள் உறுப்பினர்கள் பொறாமையில் வெந்தார்கள். ஒருவர் அங்கிருந்தே வீட்டுக்கு போன் போட்டு, கார் மேல் போட்ட உறையை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

மணி நாலு. டீச்சர் கோப்பையைப் பார்க்கவில்லை, கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதிகாரியிடம் போனேன்.

"சார், பரிசு வாங்கின கார் ஊர்வலம் போறது எங்க சங்கத்து மரபு." அப்படி ஒரு மரபு கிடையாது.

"ஊர்வலம் கண்காட்சியில சேர்ந்ததா?"

"சேர்ந்தது சார். கேட்டைத் தாண்டினா உத்தரவுப்படி அவங்க கார். ரெண்டு கோப்புக்கும் சரியாப் போச்சு."

அதிகாரி யோசித்தார். தவறு எதுவும் தென்படவில்லை. புத்தம் புதிய பதிவேட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் டீச்சரிடம் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கினார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "அன்பர்களே! இப்போது நேரடி அனுபவம்! பதினேழாம் எண்ணை உங்கள் கையாலேயே தள்ளலாம்!"

அடித்துப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர் வந்தார்கள். தங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியை நகர்த்தாதவர்கள் எல்லாம் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர் படம் எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் தலைவர் ஸ்டியரிங்கில் ஏறிக்கொண்டார். டீச்சர், தன் பழைய இடமான பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"நேராப் புடிங்க டாக்டர். தோளைத் தளர்த்துங்க. அவ்வளவுதான்," என்றார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு தன் காரில் முதல் பாடம். குரலே வேறாக இருந்தது.

கார் முனகிக்கொண்டு நகர்ந்தது. கொடி அறுந்தது. கேட்டைத் தாண்டினோம். லாரியின் பலகையைக் கொழுந்தனார் கீழே இறக்கினார். பத்து மீட்டர். பதினைந்து மீட்டர்.

அங்கே அதிகாரி வந்து கையைக் குறுக்கே நீட்டினார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. ஆனால் தொப்பியை மறக்காமல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"இந்த வண்டிக்கு ஒம்பது வருஷமா வரி கட்டலை. இன்சூரன்ஸ் இல்லை. தகுதிச் சான்று இல்லை. பொதுச் சாலையில ஓட்டறீங்க."

"ஓட்டலை சார், தள்றாங்க," என்றார் டீச்சர்.

"நகருதில்லையா?"

"ஒம்பது வருஷமும் உங்ககிட்டதானே சார் இருந்துச்சு?"

"உள்ள இருந்த வரைக்கும் அது சாட்சிம்மா. வெளிய வந்தா குற்றவாளி." அவர் என் பக்கம் திரும்பினார். "செயலாளர் சார், பறிமுதல் பண்ணியாச்சு. திரும்ப உள்ள தள்ளச் சொல்லுங்க."

லாரி பதினைந்து மீட்டரில் நின்றது. நாற்பது பேர் இருந்தார்கள், சாலை இறக்கமாக இருந்தது. மைக் என் கையில் இருந்தது. 'தள்ளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கார் லாரி மேல் ஏறியிருக்கும். அதிகாரி குனிந்து என் காதோரம் மெல்லச் சொன்னார்: "உங்க சைக்கிள் உள்ளதானே நிக்குது?"

நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். "அன்பர்களே! ஊர்வலத்தின் இரண்டாம் பகுதி! இப்போது மறுபடி உள்ளே!"

எல்லோரும் கைதட்டினார்கள். இன்னொரு சுற்றா என்று சந்தோஷப்பட்டு முன்பக்கம் ஓடிவந்தார்கள். தள்ளினார்கள். கார் அசையவில்லை.

"நான் எதையும் மிதிக்கலையே!" என்றார் தலைவர், ஸ்டியரிங்கிலிருந்து.

நான் பக்கத்துக் கதவோரம் நின்றிருந்தேன். டீச்சரின் வலது கால் தன் பிரேக்கில் இருந்தது. இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முழு உடம்பாலும் மிதித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

"பார்த்துக்கிட்டு நிக்காதீங்க, நீங்களும் ஒரு கை போடுங்க," என்றார் பட்டுத்துணி நடுவர்.

போட்டேன். நாற்பத்தொரு பேர் ஒரு காலுக்கு எதிராகத் தள்ளினோம். சக்கரங்கள் சுழலாமல் சாலையில் கறுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு கார் உள்ளே போனது. திரும்பி வரும்போது ஏன் இவ்வளவு கனம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அதிகாரி கிழிந்த பதிவேட்டில், "பிரேக் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் கிடங்கைப் பூட்டினார்கள். அதற்கு முன் அதிகாரி தன் கையாலேயே என் சைக்கிளை உருட்டிவந்து கொடுத்தார். பதிவேட்டில் ஒரு கோடு அடித்தார், அவ்வளவுதான். அடுத்த வருடமும் இங்கேயே நடத்தலாம் என்றார்.

கேட்டுக்கு வெளியே லாரி காலியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. டீச்சர் அதில் ஏறப் போனவர் என் சைக்கிளைப் பார்த்து நின்றார்.

"சார், இதுக்கு உத்தரவு எங்க வாங்கினீங்க? அந்த ஆபீஸ் எங்க இருக்குன்னு எனக்கும் சொல்லுங்களேன்."

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விலாசம் கேட்டார். நான் சைக்கிளில் ஏறி மிதித்தேன்.

மறுநாள் பத்திரிகையில் முழுப் பக்கம் வந்தது. படத்தில், காரை முழு மூச்சாகத் தள்ளுகிறவன் நான்தான்.