யாராவது எண்ணினால் குனிகிறேன்

டாக்சி நின்று வெகுநேரமாகிவிட்டது. பின்னிருக்கையில் தொப்பி, கறுப்பு முகக்கவசம், அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி என்று முகமே இல்லாமல் உட்கார்ந்திருந்தவன் அசையவில்லை.

"தம்பி, ஹப்ஜோங் வந்தாச்சு," என்றார் ஓட்டுநர்.

"தெரியுது சார்."

"காசு ஃபோன்லயே வந்துருச்சு."

"அதுவும் தெரியுது."

"அப்ப எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

அவனுக்கே அப்போதுதான் விளங்கியது. யாராவது வந்து கதவைத் திறப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தான்.

வாசகரே, நாம் பார்க்கவிருக்கும் இனம் இதுதான்: விடுதலை வாங்கி வந்தவர். சியோலில் இவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பாட்டுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் முடிந்த மறுநாள், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'இனி என் பாதையில் நானே நடப்பேன்' என்று அறிக்கை விடுவார்கள். நடப்பதற்கான செருப்பை யாராவது எடுத்து வைக்க வேண்டும்.

நம்மவன் பெயர் மா தொக்பே. தாத்தா வைத்தது. மாட்டுச் சந்தையில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர். பள்ளிக்கூட வயதில் பயிற்சிக்குச் சேர்ந்த அன்றே கம்பெனி அதைக் கழற்றி வைத்துவிட்டு 'ரீவ்' என்று மாட்டிவிட்டது. 'நீல வாசல்' என்ற ஐவர் குழுவில் அவன் வலது ஓரம். எழுப்பினால் எழுந்தான், எடை பார்த்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான், உப்பில்லாத கோழிக்கறி வைத்தால் தின்றான், காதலிக்காதே என்றார்கள், சிரமப்பட்டுக் காதலிக்காமல் இருந்தான். வெளியேறும்போது ரீவும் நீல வாசலும் தங்கள் சொத்து என்று கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. தொக்பேயைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அதற்கு வேறு யாரும் உரிமை கோரவில்லை.

இன்று அவனுடைய முதல் தனி நிகழ்ச்சி. ஒழுங்காக நடந்தால் புசானில் பெரிய அரங்கம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சொதப்பினால்? கம்பெனித் தலைவர் 'நம்ம கதவு எப்பவும் திறந்தே இருக்கும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். திறந்த கதவு இவனுக்கு எவ்வளவு பெரிய சபலம் என்பது டாக்சியிலேயே தெரிந்துவிட்டது.

ஒப்பனை அறை முழுக்க ரசிகைகள் அனுப்பிய பீச் பழங்கள். ரீவுக்குப் பிடித்த பழம் பீச் என்று கம்பெனி எப்போதோ விளம்பரத்தில் போட்டது. தொக்பே ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். முடிவுக்கு வர முடியவில்லை. பழைய மேலாளர் சோனுக்கு ஃபோன் போட்டான்.

"அண்ணே, எனக்கு பீச் பிடிக்குமா?"

"டேய், நீ இப்ப எங்க ஆள் இல்ல. இதெல்லாம் நான் சொல்லக்கூடாது."

"ஒரே ஒரு தடவைண்ணே."

சோன் குரலைத் தாழ்த்தினார். "ரீவுக்குப் பிடிக்கும். உனக்கு ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிச்சுப் போயிரும். கீழ வை."

கீழே வைத்தான்.

"பசிக்குதாண்ணே எனக்கு?"

சோன் ஃபோனை வைத்துவிட்டார்.

விளக்கு அணைந்தது, கூட்டம் கத்தியது, மேடையின் நடுவில் பளிச்சென்று ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. அதில் யாரும் இல்லை. தொக்பே வலது ஓரத்தில் இருட்டில் நின்றுகொண்டிருந்தான். வெளிச்சம் அவனைத் தேடிக் கொஞ்சம் அலைந்துவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தது. அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை. குழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தலைவன் "ஒண்ணு, ரெண்டு" என்பான். உடனே எல்லோரும் ஒன்றாக இடுப்பை மடித்து, ஒரே குரலில் குழுவின் பெயரைச் சொல்லி வணங்குவார்கள். தொக்பே பல வருடம் அப்படி வணங்கியிருக்கிறான். ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ணுவது வேறொருவன் வேலை. ஆகவே கைகளைத் தொடையில் ஒட்டவைத்துக்கொண்டு காத்திருந்தான். கூட்டமும் காத்திருந்தது. ஏதோ புதுமை என்று முதலில் சிலர் கைதட்டினார்கள். கை வலித்து நிறுத்திவிட்டார்கள். கதவு திறந்தே இருக்கும் என்ற குரல் அவன் காதில் கேட்க ஆரம்பித்தது.

அரங்கத்தின் கடைசியில், உதவிக்கு வந்து நுழைவுச்சீட்டு கிழித்துக்கொண்டிருந்தவள் அவன் அக்கா இன்சுக். பூச்சோனில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். ஹேர் டிரையர் ஓடும்போதே தெருமுனை வரைக்கும் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை.

"ஒண்ணு, ரெண்டு!"

தொக்பே படக்கென்று குனிந்தான். "வணக்கம்! நீல..." என்று தொடங்கியவன், கம்பெனி வக்கீல் ஞாபகம் வந்து நிறுத்தினான். ரீவ் என்றும் சொல்லக்கூடாது. கையில் வேறு என்ன இருக்கிறது?

"மா தொக்பே," என்றான், தரையைப் பார்த்து.

அரங்கம் ஒரு கணம் யோசித்தது. பிறகு சிரித்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி "தொக்பே அண்ணா" என்று கத்த, கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் அந்த மாட்டுச் சந்தைப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் பாடினான். நன்றாகவே பாடினான். அவன் தொண்டை யாரிடமிருந்தும் வாங்கி வந்ததல்ல.

ஆக, கம்பெனி இல்லாமல் முடியுமா? முடியும். நிரூபணமாகிவிட்டது.

மறுநாள் காலை புசான் அரங்கத்திலிருந்து சரி என்று செய்தி வந்தது. தொக்பே ரயிலேறிப் பூச்சோனுக்குப் போனான். கடைக் கதவைத் தானே திறந்தான். அக்கா ஒரு அம்மாளுக்குச் சுருள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ எனக்குக் கம்பெனியா இருக்கியா?"

"சுதந்திரம் வேணும்னுதானேடா வெளிய வந்த?"

"ஆமா. அதை யாராவது பாத்துக்கணும்ல."

இன்சுக் சுருளை இறுக்கினாள். "அப்ப காலைல சீக்கிரம் எந்திரிக்கணும். ராத்திரி நூடுல்ஸ் கிடையாது. ஃபோன்ல இளிச்சு இளிச்சுப் பேசுவியே ஒருத்திகிட்ட, அதுவும் கிடையாது."

"சரிக்கா."

"எடை மெஷின் உள்ள இருக்கு. ஏறு."

ஏறினான். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் மேலதிகாரியைத் திட்டித் தீர்த்து வேலையை விட்டீர்களே, அடுத்த நாள் எந்நேரத்துக்கு விழித்தீர்கள்? விழித்ததும், இன்றைக்கு என்ன செய்யட்டும் என்று வீட்டில் யாரிடம் போய் நின்றீர்கள்?

சொல்ல வேண்டாம். படித்து முடித்தாயிற்று, எழுந்திருக்கலாம்.

ஒன்று, இரண்டு.