தாம்பூலத் தட்டோடு கல்லூரிக்குப் போனேன்

திருடனிடமிருந்து நம்மைக் காப்பாற்ற போலீஸ் இருக்கிறது. காய்ச்சலிலிருந்து காப்பாற்ற டாக்டர் இருக்கிறார். உதவி செய்கிறேன் என்று கிளம்பி வருகிறவனிடமிருந்து காப்பாற்றத்தான் ஒருவரும் கிடையாது. என் தங்கை தனம் கல்லூரிக்கு மனுப் போட்ட வருஷம், அவளுக்கு உதவியாக நான் இருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். செஞ்சியில் எங்கள் தெருவில் கல்லூரி விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இன்டர்மீடியட்டில் தோற்றுப்போய் ஊர் திரும்பி, சார்பதிவாளர் ஆபீசில் பத்திரங்களுக்கு நகல் எழுதிக்கொண்டிருந்தேன். (பாஸ் செய்தவனுக்குப் பரீட்சை மறந்துவிடும், தோற்றவனுக்குத்தான் ஞாபகம் இருக்கும் என்று நானே ஊரில் சொல்லி வைத்திருந்தேன். சிலர் நம்பவும் செய்தார்கள்.)

தனம் என்னைப் போல இல்லை. திண்டிவனத்தில் விடுதியில் தங்கிப் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் அவளுடைய டீச்சரே திகைத்துப்போகிற மாதிரி மார்க் வாங்கியிருந்தாள். மதராஸில் ஒரு பெண்கள் கல்லூரி. கணக்குப் பிரிவில் இடங்கள் கொஞ்சம், கேட்டு வருகிறவர்கள் ராஜதானி முழுக்க. மார்க்கைப் பார்த்துப் பொறுக்கி எடுத்த பிறகு, கார்டியனோடு நேரில் வரச்சொல்லி மறுபடியும் பொறுக்குவார்கள். தனத்துக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது.

நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒரே தபாதான். அந்தக் காலேஜுல எடுத்தாங்கன்னா படிக்கட்டும். எடுக்கலன்னா, பொண்ணு கேக்கற அவலூர்பேட்டை மண்டிக்காரர் ஊட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன். அப்பறம் என்னாண்ட வந்து அழக் கூடாது."

"சரி நைனா" என்றாள் தனம். அழவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அன்று முதல் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அம்மா தவறிய பிறகு எங்களை வளர்த்தது அத்தை. நேர்முகத் தேர்வு என்றால் என்ன என்று அத்தைக்கு நான் விளக்கினேன். அத்தை பாதியிலேயே கையமர்த்திவிட்டாள்.

"இன்னாடா பெரிய தேர்வு? முன்ன பின்ன தெரியாத மனுசங்க எதிர்ல பொண்ண ஒக்கார வெச்சி, கேள்வி கேட்டு, புடிச்சிருக்கா இல்லியான்னு சொல்லப் போறாங்க. அதானே? இது எனக்குத் தெரியாதா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அதேதான். இன்று வரை யோசித்தும் அந்த வாதத்தில் எனக்கு ஓட்டை அகப்படவில்லை.

கார்டியனாக நான் போவதென்று முடிவாயிற்று. கோட்டைக்குள் கல்யாண மகாலில் ஒத்திகை நடந்தது. வீட்டில் வைத்துக்கொண்டால் தெருவே கூடிவிடும். கல்படியில் நான் பிரின்சிபாலாக உட்கார்ந்தேன். மேலே குரங்குகள் மற்ற பேராசிரியர்களாக உட்கார்ந்திருந்தன. தனம் நடந்து வந்து, நமஸ்காரம் பண்ணி, தலையைக் குனிந்து உட்கார வேண்டும். குரல் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால் போதும். பெரியவர்கள் பதில் சொல்லும்போது பெண் குறுக்கே பேசக் கூடாது. பாடச் சொன்னால் பாட வேண்டும். கோலம் போடச் சொன்னால் புள்ளி பிசகக் கூடாது. அத்தை எல்லாவற்றையும் மூன்று தடவை செய்ய வைத்தாள்.

"அண்ணே, அங்க கணக்குதான் கேப்பாங்க" என்றாள் தனம்.

"கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றேன்.

(இன்டர்மீடியட்டில் நான் தோற்ற பாடம் கணக்கு.)

அந்த நாளில் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். அரக்குப் பட்டுப் புடவை, அத்தையின் அட்டிகை, ஒட்டியாணம், தலை கொள்ளாத கனகாம்பரம் என்று செஞ்சியில் மகாலட்சுமியாக ஏறிய தனம், திண்டிவனத்தில் இறங்கும்போது அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவளாக இருந்தாள். எழும்பூரில் ரயிலை விட்டிறங்கி, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டோம். தாம்பூலத் தட்டை மட்டும் நான் மடியிலேயே வைத்துக் காப்பாற்றியிருந்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, அத்தை சுட்ட அதிரசம், ஓரமாக ஒரு பை வறுத்த மல்லாட்டை. நாலு பேர் கொறிக்க வேர்க்கடலை இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்தப் பேச்சும் முடிந்ததில்லை.

கல்லூரித் தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளைப் பருத்திப் புடவை. கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. பக்கத்தில் கோட்டுப் போட்ட தகப்பனார்கள். 'பாவம், இவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை' என்று நினைத்துக்கொண்டேன். தனம் ஒட்டியாணத்தை முந்தானையால் மூடினாள். நான் முந்தானையை விலக்கிவிட்டேன்.

கூப்பிட்டார்கள். உள்ளே இரண்டு பேர். பிரின்சிபால் வெள்ளைக்கார அம்மாள். வெகு காலம் இங்கேயே இருந்தவர். நன்றாகத் தமிழ் பேசுவார், புத்தகத்தில் படித்த தமிழ். பக்கத்தில் கண்ணாடி போட்ட நம்மூர் அம்மாள், கணக்குப் பேராசிரியை. நான் மேஜைமேல் இருந்த ஃபைல்களை ஒதுக்கிவிட்டுத் தட்டை நடுவில் வைத்தேன்.

"இது என்ன?" என்றார் பிரின்சிபால்.

"பெண் வீட்டார் சார்பில்" என்றேன்.

அவர் தட்டை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு தனத்தைப் பார்த்து, "உனக்கு எந்தப் பாடத்தில் விருப்பம்?" என்று கேட்டார்.

"எல்லாத்துலயும் விருப்பங்க. சமையலும் தெரியும்" என்றேன்.

"கல்லூரியில் படித்து என்ன செய்ய விரும்புகிறாய்?"

"நீங்க இன்னா சொல்றீங்களோ அதைச் செய்யுங்க. எதிர்த்துப் பேசாது."

"விடுதியில் தங்க வேண்டும். உடல்நலம் எப்படி?"

"ஒரு குறையும் கெடையாது. வேணும்னா நடந்து காட்டச் சொல்றேன்."

கணக்குப் பேராசிரியை ஒரு ஃபைலை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஃபைல் லேசாக ஆடியது. தனம் தலையைக் குனிந்தபடி கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். அத்தை சொல்லிக்கொடுத்தபடியே என்று நான் பூரித்தேன். அது கோபம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

"நீர் சற்று வெளியே அமர்ந்திரும்" என்றார் பிரின்சிபால்.

பெண்ணோடு பெண்களாகத் தனியே நாலு வார்த்தை பேசுவது வழக்கம்தானே என்று நானும் எழுந்து வந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள். வெகு நேரம் உள்ளிருந்து சாக்பீஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கோலம் போடச் சொல்லிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே திருப்தி. 'பெரிய கோலம் போலிருக்கிறது' என்று பக்கத்திலிருந்த வக்கீல் ஒருவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. தனத்தின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. விரலெல்லாம் சாக்பீஸ் மாவு. பின்னாலேயே பிரின்சிபால் வந்து, என்னைப் பார்த்துப் புன்னகைத்து, "மிகவும் நல்லது. எங்கள் முடிவைக் கடிதம் எழுதித் தெரிவிப்போம்" என்றார்.

தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

தமிழ்நாட்டில் பெண்ணோடு பிறந்த எவனுக்கும் இந்த வாக்கியத்தின் அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. கேசரியைத் தின்று, பஜ்ஜியைத் தின்று, காப்பியைக் குடித்து, பாட்டையும் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டும்போது மாப்பிள்ளை வீட்டார் சொல்வது: "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்." அந்த லெட்டர் வராது. எங்கள் பெரியப்பா மகளுக்கு அப்படி வராத லெட்டர்கள் எத்தனையோ. ஒவ்வொரு தடவையும் அவள் நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

தனத்துக்கு இருந்தது ஒரே தபா. நான் கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.

"அம்மா, லெட்டர் கிட்டர் எல்லாம் வாணாம். மனசுல இருக்கற கொறைய இப்பவே சொல்லிடுங்க" என்றேன்.

"குறையா? ஒரு குறையும் இல்லையே" என்றார் பிரின்சிபால்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நெறமா? பஸ்ல கரி அடிச்சிடுச்சி, இல்லன்னா பொண்ணு நல்ல நெறம். சீர் செய்முறைன்னா, எங்க நைனா கொற வெக்க மாட்டாரு. இல்ல, வேற எடத்துல ஏற்கெனவே பேசி முடிச்சிட்டீங்களா?"

"வேறு இடங்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்களே. எல்லோரையும் பார்த்துவிட்டுத்தானே முடிவு செய்ய வேண்டும்?"

"பாத்தீங்களா! எல்லாரையும் பாக்கறாங்களாம்!" என்று தாழ்வாரத்தைப் பார்த்துக் கூவினேன். கோட்டுப் போட்ட தகப்பனார்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அப்போதுதான் தனம் உள்ளே வந்து என் சட்டையைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் என் கை பட்டுத் தட்டு சரிந்து, மல்லாட்டை அறை முழுக்கச் சிதறியது.

"அண்ணே! இவங்க என்னைக் கட்டிக்கப் போறதில்ல, படிக்க வெக்கப் போறாங்க! வாய மூடிக்கினு வெளிய வா!"

அவள் குரலை அந்தக் கட்டடமே கேட்டிருக்கும். அத்தையின் பயிற்சி முழுவதும் அந்த ஒரு கத்தலில் போயிற்று. பேராசிரியையின் ஃபைல் கீழே விழுந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கத்தால் அல்ல என்று இப்போது தெரிகிறது.

வழியெல்லாம் தனம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் திண்டிவனம் தாண்டிய பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. போர்டில் தான் போட்டுக் காட்டிய கணக்கைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதாக ரயிலில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தாள். கிடைத்திருக்க வேண்டிய இடத்தை நான் கெடுத்துவிட்டேன். நினைக்க நினைக்க வெட்கமும் பயமுமாக இருந்தது.

வீட்டில் நைனா கேட்டார்: "இன்னா சொன்னாங்க?"

"லெட்டர் போடறாங்களாம்."

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அத்தை பட்டுப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு மறுபடியும் வெளியே எடுத்தாள். மண்டிக்காரர் வீட்டுக்கு நைனா சொல்லியனுப்பிவிட்டார்.

மண்டிக்காரர் அடுத்த வாரமே குடும்பத்தோடு வந்தார். தின்ன வேண்டியதையெல்லாம் தின்றார். போன பருவத்தில் எத்தனை வண்டி மல்லாட்டை ஏற்றினார், வண்டிக்கு எத்தனை மூட்டை, மொத்தம் எவ்வளவு என்று பெருமையாகச் சொன்னார். தனம் குனிந்த தலை நிமிராமல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "பெருக்கினது தப்புங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவர் மண்டிக்காரர்.

செருப்பை மாட்டும்போது அவர் சொன்னார்: "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்."

ஆக, வீட்டில் இரண்டு லெட்டருக்குக் காத்திருந்தோம். அத்தை ஒன்றுக்கு, தனம் ஒன்றுக்கு. தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் இருவரும் வேறு வேறு வேலையாக வாசலுக்கு வந்துவிடுவார்கள். நான் ஆபீஸ் போகிறவன் மாதிரி கொல்லைப் பக்கமாகப் போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஓர் உறை வந்தது. இங்கிலீஷ். நைனா என்னிடம் நீட்டினார். நான் உறையைப் பிரித்தேன். தனம் என் கையிலிருந்து பிடுங்கி, தானே படித்தாள். படித்து முடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, இத்தனை நாள் அழாத அழுகையையெல்லாம் சேர்த்து அழுதாள். கணக்குப் பிரிவில் இடம். விடுதியிலும் இடம். கடைசியில் கையெழுத்துக்குக் கீழே, மாணவியைப் பார்க்கத் தந்தையார் வந்தால் போதும் என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தது.

நைனா அத்தையைப் பார்த்தார். அத்தைதான் பேசினாள்.

"லெட்டர் போடறோம்னு சொல்லிட்டு நெசமாவே லெட்டர் போட்ட சனம், எனக்குத் தெரிஞ்சி இந்த வெள்ளக்காரம்மா ஒருத்திதான்டா. குடுத்த வாக்கு மாறாத எடம். பொண்ண நம்பி அனுப்பலாம்."

அவலூர்பேட்டையிலிருந்து லெட்டர் வரவில்லை.

தனம் படித்து, அதே மாதிரி ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியை ஆனாள். ஆண்டுதோறும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பெண்களைப் பொறுக்குகிற வேலையும் அவளுக்கு உண்டு. கார்டியன்களை உள்ளே விடுவதே இல்லையாம்.

எனக்கு மூன்று பையன்கள். மூவருக்கும் நான்தான் முன்னே நின்று பெண் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் காப்பி குடித்து முடிந்ததும் எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள். பெண்ணின் அண்ணனோ தம்பியோ ஒருவன் வேர்த்துப்போய் மூலையில் நிற்பான். "போய் லெட்டர் போடறோம்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. என் மனைவி பின்னாலிருந்து கிள்ளக் கிள்ள, "எங்களுக்குச் சம்மதம்" என்று அங்கேயே சொல்லிவிடுவேன். மூன்று பையன்களுக்கும் முதலில் பார்த்த பெண்ணே முடிந்தது அப்படித்தான்.

போன பொங்கலுக்குத் தனம் வந்திருந்தபோது, தன் கல்லூரியில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த மூத்த மருமகள் நிமிராமலே சொன்னாள்:

"எங்க மாமனார் காலேஜுல அந்தக் கஷ்டமே இல்ல அத்தை. மனுப் போட்ட எல்லாருக்கும் எடம்."